இன்னொரு தடவை விழணும்

பதினான்காவது அறிக்கையும் வெறும் எண்களாகவே வந்திருந்தது. டீகன் அதை மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தாள். ரென்மார்க் பக்கத்துப் பாதாம் தோட்டம் ஒன்றில் பம்புகளை ஓட்டும் கணினியில் இருப்பது இவர்கள் எழுதிய இயங்குதளம். அது முடங்கி விழும்போது, கடைசியாக எங்கே நின்றதென்று எழுதிவிட்டு விழும். எழுதுவது முகவரி எண்களை மட்டும். எந்த எண் நிரலின் எந்தப் பகுதி என்று சொல்லும் சிம்பல் ஃபைல், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒன்றாக, அடிலெய்டு அலுவலகத்தில் இருக்க வேண்டும். இந்த வெளியீட்டுக்கு இல்லை.

"யூவன் வேலைய விட்டுப் போறப்ப எல்லாத்தையும் தொடச்சிட்டுப் போய்ட்டான் போல," என்றார் குழுத் தலைவி லொரெய்ன். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. ஏசி காலையிலேயே நின்றுபோயிருந்தது.

"அவனத் திட்டுறதுல ஒரு வசதி இருக்கு. திருப்பித் திட்ட ஆள் இல்ல," என்றான் பக்கத்து மேசை கோஸ்டா.

டீகன் சிரிக்கவில்லை. காலையிலேயே அவள் பார்த்துவிட்டாள். ஏப்ரலில் சர்வரில் இடம் தீர்ந்தபோது, தொண்ணூறு நாள் கடந்த கோப்புகளை அழிக்க நாலு வரி நிரல் எழுதியது அவள்தான். பழைய வெளியீடுகளின் சிம்பல் ஃபைல்களும் அதோடு போய்விட்டன. இரண்டு முறை சரிபார்த்தாள். அவள் எதையுமே இரண்டு முறை சரிபார்ப்பாள். ஆனால் தோட்டத்துக்காரர்கள் ஒருமுறை போட்டதை வருஷக்கணக்கில் மாற்றமாட்டார்கள் என்பது அந்த நாலு வரியில் எங்கும் இல்லை. யூவன் பெர்த்தில் இருக்கிறான். வரப்போவதில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"யூவன் இல்ல லொரெய்ன். நான்தான்."

லொரெய்ன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழசத் திரும்ப பில்ட் பண்ணிப் பாக்கலாமா?"

"கம்பைலர் மாறிடுச்சு, புதுசா பில்ட் பண்ணுனா அறிக்கையில இருக்குற எண்ணோட ஒத்து வராது. இனிமே அறிக்கையிலயே பேரும் சேந்து வர்ற மாதிரி மாத்தி வச்சிருக்கேன். அத தோட்டத்து மெஷின்ல போடணும். அப்புறம்..."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை விழணும்."

கோஸ்டா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"அத டெஸ்கிட்ட நீயே சொல்லிடு," என்றார் லொரெய்ன்.

தோட்டத்துக்காரர் டெஸ் பாப்பின் போனில் முழுதும் கேட்டார். "அப்ப நான் அனுப்புன பதினாலும்?"

"ஒண்ணுக்கும் உதவாது டெஸ். தப்பு என்னோடது."

"ஒவ்வொரு தடவையும் 'அறிக்கைக்கு நன்றி'ன்னு வருமேம்மா. யாரோ படிக்கிறாங்கன்னு இருந்தேன்."

"படிச்சேன். பதினாலையும் படிச்சேன். எனக்குத்தான் புரியல."

"காய் வெடிக்கிற நேரம். இப்ப தண்ணி நின்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றாள். பிறகு, "முழுசாத் தெரியாது," என்றாள்.

"சரி, அனுப்பு."

அனுப்பினாள். ஏறிவிட்டதாகத் திரையில் வந்தது. மணி இரண்டு ஐம்பது. இந்த வெயிலில் அந்தக் கணினி பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் விழும். டெஸ் போனைத் துண்டிக்கவில்லை. பம்பு அறையில் எங்கோ அதைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர். தடித்த குழாய்க்குள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. டீகன் காதில் போனை அழுத்தியபடி, அது நிற்பதற்காகக் காத்திருந்தாள். மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால் ஆயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பக்கத்தில், மெதுவாக, ஒரு மனிதர் மூச்சு விடுவதும் கேட்டது.