போன தபா எடுத்த படம்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, ஸ்கேன் கவர்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார் துலுக்கானம். கூடத்தில் அவர் மகன் செல்வகுமார் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தான். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மாலை போட வந்த ஒரு கிழவி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "முகம் கொழுகொழுன்னு நல்லாத்தானே கீது" என்றாள்.

"மாத்திரை தின்ன ஊத்தம் அது! கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்று உள்ளிருந்தே கத்தினார்.

மருமகள் ரேவதி எழுந்து வந்தாள். "மாமா, இப்போ எதுக்கு இத்த இழுத்துகினு கீறீங்க?"

"கரையான்சாவடி போறேன். அந்த ஸ்கேன் கடைக்காரன் மூஞ்சில இத்த விசிறி அடிச்சிட்டு வந்துட்றேன். நீ போய் குந்து."

தம்பி மகன் தமிழரசு ஓடிவந்து வழியை மறித்தான். செல்வத்தை ஸ்கேனுக்கு ஒவ்வொரு தடவையும் தன் ஆட்டோவில் கூட்டிப்போனவன் அவன்தான்.

"சாவு ஊட்ட வச்சிகினு எங்க பெரிப்பா போற? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"பேசட்டும்டா. கெழவனுக்குப் பைத்தியம்னு பேசட்டும். இத்தப் பாரு."

இரண்டு படங்களை உருவி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். துலுக்கானத்துக்கு எழுத்து வராது. இதற்கு எழுத்து தேவையில்லை. இடது கையில் இருந்தது ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த முதல் படம். சாம்பல் நிற மண்டைக்குள்ளே புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்று. வலது கையில் கடைசிப் படம். அதே இடத்தில் கோழிமுட்டை.

"இன்னா தெரியுது சொல்லு."

தமிழரசு தலையைக் குனிந்துகொண்டான். "பெருசாகீது."

"ஒவ்வொரு தபாவும் வாசல்ல நின்னு கேட்டேன்டா, வளந்துச்சா வளந்துச்சான்னு. பெருசா வித்தியாசம் இல்ல பெரியவரேன்னான். எப்டி இருக்கும்? போன தபா எடுத்த படத்த மட்டும் குடு, பழசெல்லாம் வாணாம்னான். போன தபாவுக்கும் இந்தத் தபாவுக்கும் ஒரு நூல் வளந்திருக்கும். நூலு நூலா வளந்து முட்டையாப்பூட்ச்சி. இந்த முதப் படத்த ஒரே ஒரு தபா பக்கத்துல வச்சிப் பாத்தானா அவன்?"

"டாக்டரும் அவன் எழுதுனத பாத்துத்தான் சொன்னாரு. கொஞ்சம் வளந்தா அத்த வளத்தியா எடுத்துக்க மாட்டாங்களாம்." தமிழரசு தயங்கினான். "பொல்லாத கட்டி பெரிப்பா அது. மின்னாடியே தெரிஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது."

"காப்பாத்தச் சொல்லி எவன்டா கேட்டான்?" அவர் குரலில் வாசல் வரைக்கும் பேச்சு அடங்கிவிட்டது. "இவன் தங்கச்சி மதி வந்து பாத்திருப்பாள்ல? இவனுக்குப் பேச்சு இருக்கச்சொல்லவே வந்து, கூடப் பொறந்தவனோட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருப்பாள்ல? இப்போ வந்துகினு கீறா. நான் இன்னாடா சொல்லுவேன் அவளுக்கு?"

கவர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துலுக்கானம் கூடத்தைத் தாண்டினார். செருப்பில் கால் நுழைத்தபோது கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. வாசலில் சாவு மோளம் திடீரென்று வேகம் பிடித்தது.

மதிவதனி இறங்கினாள். கல்யாணமாகி சூரத்துக்குப் போனவள், போன வருஷப் பொங்கலுக்கு வந்து அண்ணனைப் பார்த்ததுதான். அப்புறம் ஒரு பொங்கல் வந்து போய்விட்டது. வீடியோவில் முகம் காட்டமாட்டேன் என்று செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் போனில் அப்பன் சொன்ன சேதிதான்.

அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. நேரே பெட்டியருகே போய் நின்றாள். ஊதிப்போன முகத்தையும், மயிர் கொட்டின தலையையும், முருங்கைக் குச்சிபோல் ஒடுங்கின கைகளையும் பார்த்தாள்.

"அண்ணி, யாரு இது?"

ரேவதி அவள் தோளைப் பிடித்தாள். மதி அந்தக் கையை விலக்கிவிட்டு அப்பன் பக்கம் திரும்பினாள்.

"நைனா, போன ஞாயித்துக்கெழம போன்ல இன்னா சொன்ன?"

"அந்த ஸ்கேன்காரன் தாம்மா..."

"ஸ்கேன்காரன் எனக்குப் போன் போடல. நீதான் போட்ட. இன்னா சொன்ன?"

"நேத்து மாதிரியே கீறான்னேன்."

"அதுக்கு மின்னாடி வாரம்?"

"அதேதான்."

"அப்போ எல்லா வாரமும் பொய் சொல்லிகினு இருந்தியா?"

"பொய் இல்லம்மா! உன் ஆயா மேல சத்தியமா பொய் இல்ல. நேத்து மாதிரியேதான் இருந்தான்."

அது நிஜம். டம்ளர் கைநழுவின அன்று, அதற்கு முந்தின நாளே விரல் மரத்திருந்தது. சுவரைப் பிடித்து நடந்த அன்று, முந்தின நாளே செருப்பு காலில் நிற்கவில்லை. 'மதி' என்கிற பேர் வாயில் வராமல் திணறின அன்று, முந்தின நாளே பாதிப் பேர்தான் வந்தது. பக்கத்திலேயே குந்திக்கொண்டு சோறு ஊட்டினவர் அவர். எந்த நாளும் முந்தின நாளைவிட அப்படியொன்றும் மோசமாக இருக்கவில்லை.

மதி ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. துலுக்கானம் கவர்களைப் பெட்டிக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, செருப்பை உதறினார்.

"இன்னாங்கடா வேடிக்க பாக்குறீங்க? குளிப்பாட்ட வாணாமா? தூக்குங்கடா!"

வாசலில் பெஞ்சு போட்டு செல்வத்தைக் கிடத்தினார்கள். தமிழரசு காலை வெடுக்கென்று இழுத்தான் என்று அவனுக்கு ஒரு வசவு. தண்ணீர் பத்தவில்லை என்று ரேவதியின் தம்பிக்கு ஒன்று. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து, புறங்கையால் தலையில் எண்ணெயும் சீக்காயும் தொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக மதி சொம்பை எடுத்தாள். சட்டென்று சாய்த்தாள். தண்ணீர் மொத்தமாகச் சரிந்து, சீக்காய்க் கரைசல் நெற்றியிலிருந்து கீழே இறங்கியது.

"மெதுவா ஊத்துடி!" என்று அதட்டினார் துலுக்கானம். "கண்ணுல எறங்குது பாரு."

மூடியிருந்த அந்தக் கண்களுக்கு மேலே, புருவத்தோடு புருவமாக, உள்ளங்கையை அணைபோல வைத்துப் பிடித்தார்.

மதி சொம்பை நிமிர்த்தினாள். பிறகு துளித்துளியாகச் சாய்த்தாள். தண்ணீர் அவர் விரல்களில் முட்டித் திரும்பி, காதோரமாக வழிந்தது.