எடுத்துவிட்ட வரி

தப்பு செய்தவனையும் அதனால் நஷ்டப்பட்டவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. பேசுவதை யாரும் எழுதக்கூடாது. முடிவில் கையெழுத்து வாங்கினால் போதும். அதற்குக் கோர்ட் டைப்பிஸ்ட் அம்மாளை அனுப்பியிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் தட்டித் தட்டியே விரல் தேய்ந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையைக்கூடக் காணோம், கையை எங்கே வைப்பது? இதெல்லாம் ஒரு கோர்ட்டா?

சிறையிலிருந்து லாரி டிரைவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் லாரி மோதிச் செத்தவரின் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"கடைசியா அவர் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரும்மா. 'ஸ்கூல்ல பாப்பா காத்துட்டிருக்கும், யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னார்."



"மூணு வருஷமா என் பொண்ணு, அப்பா அன்னைக்கு என்னை மறந்துட்டார்னே சொல்லிட்டிருக்கா. கோர்ட்டுக்கு வர எனக்குத் தெம்பில்லை. உங்க வாக்குமூலத்தை வாங்கி ஒரு வரி விடாம படிச்சேன். இதை ஏன் அங்க சொல்லலை?"

"சொன்னேம்மா."

அந்த வாக்குமூலத்தைத் தட்டியவள் டைப்பிஸ்ட் அம்மாளேதான். சொன்னான்தான். அவன் வாய் மூடுமுன்பே அவள் தட்டியும் விட்டிருந்தாள். "கேட்டதுக்கு இது பதில் இல்லையே, எடுத்துடுங்கம்மா" என்றார் நீதிபதி. எடுத்துவிட்டாள், ஒரு நொடி வேலை. விசாரணை முடிந்த அன்று இரு தரப்பு வக்கீல்களும் அவளைப் பாராட்டினார்கள், இருநூற்றுப் பதினாலு பக்கத்தில் ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை என்று.