இரண்டே கால் கிலோ

செஞ்சி கூட்டு ரோட்டில் போராட்டத்துக்கு நின்ற பெண்களின் கைகளில் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலங்கள் இருந்தன. காசாவில் செத்துப்போன குழந்தைகளுக்காக ஆளுக்கொன்று. மற்றவர்கள் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். சனோபர் மட்டும் அரிசி போட்டிருந்தாள். தராசில் நிறுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தூக்கிப் பார்த்து, கை போதும் என்று சொன்ன பிறகே முடிச்சுப் போட்டாள்.

போன வருஷம் அவளுக்குப் பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்காமல் போய்விட்ட மகனின் கனம் அது. இரண்டே கால் கிலோ என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அடக்கம் செய்யப் பெண்கள் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. கணவன் நௌமான்தான் கஃபன் துணியில் சுற்றி இரண்டு கைகளிலும் ஏந்திப் போனான், வெறுங்கையோடு வந்தான். அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. போராட்டத்துக்குப் போகிறேன் என்றபோது கடை, கேஸ், போலீஸ் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தவன், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோஷம் போடு, வேணாங்கல. அத மட்டும் தூக்காத சனோ" என்றான்.

அனுமதி இல்லையென்று எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மதியத்துக்கு லெமன் சாதம்தான் வரும் என்று பக்கத்திலிருந்த அசீசுன்னிசா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொட்டலங்களை வாங்கி மூலையில் போட்டுக்கொண்டே வந்த பெண் காவலர் மகாலட்சுமி, சனோபருடையதை வாங்கியதும் நின்றுவிட்டாள்.

"எல்லாருதும் காத்தாட்டம் இருக்குது. இதுல இன்னாக்கா, கல்லா?"

"அரிசிம்மா."

மகாலட்சுமி அழுத்திப் பார்த்தாள். அரிசிதான்.

"எங்கியோ நடக்குற சண்டைக்கு இங்க வந்து ஏன்க்கா கஷ்டப்படுறீங்க? பர்மிசன் இல்லன்னு சொல்லியும் கேக்கல."

"அழறதுக்கு யாரும்மா பர்மிசன் குடுக்கணும்?" சனோபர் இரண்டு கைகளையும் நீட்டினாள். "அதக் கீழ போட்டுடாத. குடு."

மகாலட்சுமி கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

சாயங்காலம் வெளியே விட்டபோது நௌமான் வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான். திட்டவில்லை. சாப்டியா என்று மட்டும் கேட்டான். புர்காவைச் சேர்த்துப் பிடித்து ஏற வேண்டியிருந்ததால், யோசிக்காமல் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். ஒரு கையால் வாங்கினான். வாங்கியதும் அவன் முகம் மாறியது. இன்னொரு கை தானாக வந்து, தலையைத் தாங்குவதுபோல் ஒரு முனையைத் தாங்கியது.

"இம்மாங் கனம்தான் இருந்தான்" என்றான்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திண்டிவனம் பஸ் ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கைகள் காலியாக இல்லை.