பின்தள்ளிய மேற்சிறகு

“மார்ச் 4, புதன். தாங்குகுச்சிகளுக்குப் பசையைக் கூடுதலாக வைத்துவிட்டேன். என் பிழை.”

ஹரோவில் ரயில் ஏறியதும் துசியந்தி நாட்குறிப்பில் எழுதியது அவ்வளவுதான். பசை கூடியது உண்மை. ஆனால் ஏன் கூடியது என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

மாலை வகுப்பில் அவளும் டெனுசனும் சேர்ந்து ஒரு மாதிரி விமானம் செய்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை வேவு பார்க்கப் பறக்கவிட்ட டொரான்ட் என்ற இரட்டைச்சிறகு விமானம் அது. சிறகுகள் அவள் பொறுப்பு, உடல் அவன் பொறுப்பு. அருங்காட்சியகப் பட்டறையில் கோடைப் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது. இருவரில் ஒருவர் பெயரைத்தான் ஆசிரியை மார்கரெட் அனுப்புவார். அதை அறிந்த நாளிலிருந்து டெனுசன் கொண்டுவந்து தரும் தேநீரைக்கூட அவள் முகர்ந்து பார்த்துத்தான் குடித்தாள்.

இன்று அவள்தான் முதலில் வந்தாள். நேற்று ஊசி குத்தி நிறுத்திவிட்டுப் போன மேற்சிறகு, இப்போது கீழ்ச்சிறகைவிட ஒரு விரற்கடை பின்னால் நின்றது. அவள் படங்களில் பார்த்தவற்றில் மேற்சிறகு முன்னால்தான் நிற்கும். நேற்றுக் கடைசியாகக் கிளம்பியவன் டெனுசன். அவள் வேலை கோணலாகத் தெரியட்டும் என்றே தள்ளியிருக்கிறான். சத்தமில்லாமல் சிறகை முன்னுக்கு இழுத்தாள். இனி எவரும் அசைக்க முடியாதபடி, இரு சிறகுகளையும் இணைக்கும் தாங்குகுச்சிகளில் பசையை வழிய வழிய வைத்தாள்.

டெனுசன் வந்ததும் குனிந்து பார்த்தான்.

“அக்கா, செட்டையை ஆர் முன்னுக்கு இழுத்தது?”

“நான்தான். ஆரோ கோணலாக்கி வைச்சிருந்தது.”

“ஆரோ இல்லை, நான்தான். கோணலுமில்லை. இந்தப் பிளேன்ரை வடிவே அதுதான்.” சிரித்தான். “பிரெஞ்சுக்காரனுக்கே பாடம் எடுப்பியள் போல!”

பழைய படமொன்றின் நகலை நீட்டினான். அதையும் நம்பாமல், எது முன்பக்கம் என்று உறுதிசெய்ய அவள் படத்தில் விமானத்தின் மூக்கிலுள்ள சுழல்விசிறியைத் தேடினாள். மேற்சிறகு பின்வாங்கித்தான் நின்றது. விமானியின் முகத்துக்கு முன்னால் வானம் திறந்து கிடந்தது.

“சொல்லத்தான் ராத்திரி போன் எடுத்தனான். நீங்கள் எடுக்கேல்லை.”

எடுக்கவில்லைதான். என்ன தந்திரமோ என்று அடிக்க விட்டிருந்தாள்.

மார்கரெட் மேசையருகே வந்து, இதை ஒட்டியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். துசியந்தி வாய் திறக்குமுன், “நாங்கள் இரண்டு பேரும்” என்றான் டெனுசன். மார்கரெட் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த மேசைக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னான்? அவளைக் காப்பாற்றவா? இல்லை, நல்ல மனசுக்காரன் என்று மார்கரெட் அவன் பெயரை அனுப்பவா? ரயில் வெம்பிளியை நெருங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெருவிரலில் காய்ந்திருந்த பசை தோலாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது அதில் அவளுடைய ரேகை அப்படியே பதிந்திருந்தது.

அதை நாட்குறிப்பின் மேல் வைத்துவிட்டுக் கீழே எழுதினாள்:

“நாளை: ஒட்டியது நான் மட்டும்தான் என்று மார்கரெட்டிடம் சொல்ல வேண்டும். பிறகு வெந்நீரில் நனைத்த துணியால் பசையை இளக்கி, மேற்சிறகைப் பின்னுக்கு எடுக்க வேண்டும்.”