நீல டேப் சுற்றிய திருப்புளி

கார் ஷெட்டில் மின்விசிறி ரிப்பேர் பார்ப்பவர், திருப்புளி வேண்டும், குறடு வேண்டும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீட்டுக்குள் ஓடுவார்.

"என்னைத் தைக்க விடவே மாட்டீங்களா?" என்று ஒருநாள் மனைவி எரிந்து விழுந்தாள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றிலும் இன்னொன்று வாங்கிப் போட்டார். சிவப்பு டேப் சுற்றியது வீட்டுக்கு, நீலம் ஷெட்டுக்கு.

அப்புறம் வீட்டுக்குள் ஓட வேலையில்லை; அவரைத் திட்டவும் ஆளில்லை. ஷெட்டில் மத்தியான வெயிலில் தூசி பொன்னாக மிதந்தது. கழற்றிப்போட்ட இறக்கையொன்று காற்றில் தானாகச் சுற்றியது. தையல் மெஷின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வீடே மெல்ல நகர்ந்து எங்கோ மிதந்து போகிறதோ என்றிருந்தது.

இன்று பார்த்தால் நீலத் திருப்புளியைக் காணோம். குறடும் இல்லை. கால் முளைத்துவிட்டதா என்ன? முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போனார்.

மெஷின் பக்கத்தில், வெட்டிப்போட்ட துணிக்கடியில் நீல டேப் எட்டிப் பார்த்தது.

"என் திருப்புளியைப் பார்த்தியா?"

"நான் எதுக்கு அதைப் பார்க்கப் போறேன்? உட்கார்ந்து நிதானமாத் தேடுங்க." தலை நிமிராமலே நாற்காலியிலிருந்த துணிகளை ஒதுக்கி இடம் விட்டாள்.

உட்கார்ந்தார். அந்தத் துணிக்கு அடியில் தவிர மற்ற எல்லா இடத்திலும் சாயங்காலம்வரை தேடினார்.