கண்ணாடிக்குள் ஒரு பட்டம்

"பெட்டி எங்க அத்தை?"

ராஜாம்பாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். செல்லியம்மாள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. இரும்புப் பெட்டி இருந்த மூலையில் அதைத் தாங்கிய நாலு செங்கல்கள்தான் கிடந்தன.

"இன்னாத்துக்குடி இப்ப பெட்டி?"

"என் பி.எட். சர்டிபிகேட்டு அதுலதானே இருக்குது? திங்கக்கெழம வெள்ளிமலையில ஒரிஜினல் காட்டணும். இல்லன்னா வாத்தியார் வேலைய அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"தாலி அறுத்தவளுக்கு மலையில உத்தியோகமா? அடுப்பு இங்க இருக்குது."

வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த கொழுந்தன் சின்னதுரை சிரித்தான். "அப்பாவோட காகிதத்தையெல்லாம் யுனிவர்சிட்டில கேட்டாங்க அண்ணி. பெட்டியோட எழுதிக் குடுத்துட்டேன். பேப்பர்ல என் போட்டோ வந்துச்சே, பாக்கல?"

போன வருஷம் காலமான மாமனார் காசிநாதன், தலைமையாசிரியராக இருந்தவர். சங்கராபுரத்திலிருந்து திருநாவலூர் வரை பெண் கல்விக்காக அவர் ஏறாத மேடை இல்லை. மகன் செத்த பதினாறாம் நாள் மருமகளின் தாலியைக் கழற்றியபோது, அவள் சான்றிதழ்களையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டியவர் அவரேதான். "இனிமே நீ வெளிய போய்க்கினு வந்துகினு இருந்தா வூட்டு மானம் இன்னா ஆவறது?" என்றார். அந்த வாரமே ரிஷிவந்தியத்தில் பேசினார்: "பெண்ணைப் பூட்டி வைக்காதீர்கள்!"

மாற்றுச் சான்றிதழ் வாங்க ஆறு மாதம் ஆகும். ராஜாம்பாள் மறுநாள் சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பெட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. நடுக்கூடத்துக் கண்ணாடிப் பேழையில், காசிநாதனின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவளுடைய பி.எட். பட்டம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு அட்டை: 'பெண் கல்விக்குப் பாடுபட்ட பெரியவர், தம் மருமகளையும் பட்டதாரியாக்கினார்.'

"இது என்னுதுங்க. ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. காட்டிட்டு நானே கொண்டாந்து வெச்சுடறேன்."

காப்பாளர் பஷீர் அகமது சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "உங்களுதுதாம்மா, பேர் இருக்கு. ஆனா உங்க கொழுந்தனார் தானமா எழுதிக் குடுத்துட்டாரே. அவரே திருப்பிக் கேக்கணும், அப்பறம் கமிட்டி கூடணும். இங்க வந்த துண்டுச் சீட்டுகூட வெளிய போவாது. நூறு வருஷம் ஆனாலும் பத்திரமா இருக்கும்."

"எனக்கு நூறு வருஷம் வேணாங்க. திங்கக்கெழம வேணும்."

ராஜாம்பாள் கண்ணாடிமேல் நெற்றியை வைத்து நின்றாள். அவள் மூச்சுப் பட்டு அவள் பெயரே மங்கிப் போயிற்று. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

வாசலில் பார்வையாளர் பதிவேடு திறந்திருந்தது. பேனாவை எடுத்தாள்.

'இந்தப் பட்டம் நான் திருமணத்துக்கு முன் படித்து வாங்கியது. தாலி கழற்றிய அன்று என் மாமனார் இதைப் பிடுங்கிப் பூட்டினார். இதனால் என் வேலை போகிறது. - ரா. ராஜாம்பாள், பி.ஏ., பி.எட்.'

"இந்த நோட்டும் இங்கயேதான் இருக்குமாங்க?"

பின்னாலேயே வந்த பஷீர் அகமது படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இருக்கும்மா."

"யாராவது வந்து கிழிச்சுடச் சொன்னா?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து காப்பக முத்திரையை எடுத்து, அவள் கையெழுத்தின் பக்கத்தில் அழுத்திக் குத்தினார்.