வெள்ளை மை இல்லாத பிரிண்டர்

பனியனைப் பார்த்த மாத்திரத்தில் பெரியவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?”

மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். படம் அச்சான டிரான்ஸ்பர் பேப்பரைத் துணியில் தேய்த்து அப்போதுதான் உரித்திருந்தாள். வெளிர்நீலத் துணியின் மார்பில் பெரியவரின் பழைய குடும்பப் படம் பளிச்சென்று ஏறியிருந்தது. நாற்காலியில் முறுக்கு மீசையுடன் அப்பா. பக்கத்தில் அம்மா, அவள் மடியில் கைக்குழந்தையாகத் தம்பி. ஓரத்தில் அரைக்கால் சட்டையோடு, சிறுவனாகப் பெரியவர். அவருக்குப் பின்னால், யாருமே நிற்காத சுவரில், ஒரு பெண்ணின் வடிவத்தில் வெறும் நீலம். தலை, கழுத்து, தோளில் புரண்ட பின்னல் எல்லாம் கத்தரித்து எடுத்ததுபோல் துல்லியமாகத் தெரிந்தன.

மறுநாள் காலை அவர்களுடைய கடையின் புதுக் கட்டடத் திறப்பு. வீட்டில் அத்தனை பேரும் இந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும் என்பது பெரியவரின் உத்தரவு. சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள்.

“நான் ஒண்ணும் பண்ணல மாமா. இந்தப் பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது. படத்துல எங்க சுத்த வெள்ளை இருக்கோ, அங்க துணியோட நிறம்தான் தெரியும். சுவர் லேசாப் பழுப்பேறிக் கெடக்கு, அதுக்கு மை விழுந்துச்சு. இந்த இடத்துல மட்டும் யாரோ வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்காங்க. வெள்ளைத் தாள்ல சாம்பிள் எடுத்தப்போ என் கண்ணுக்கே தெரியல.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “வெள்ளைப் பனியனே வாங்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்கதான்...”

“வெள்ளை அழுக்காகும். நம்ம வீட்டு ஆளுங்க அழுக்குச் சட்டையோட வாசல்ல நிக்கிறதா?”

நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்த மருமகள் மெல்லக் கேட்டாள்: “யாரு மாமா இது?”

“யாருமில்ல.”

தன் பனியனை வாங்கிப்போக வந்த தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணே, பேய்ப் படமா எடுக்கிறீங்க?” பிறகு அவருக்கே உறைத்தது. “ஓ, அவங்களா... ஓடிப்போனவங்க?”

“நாக்கை அடக்கிப் பேசு.”

அக்கா தனக்குப் பிடித்தவனோடு ஓடிப்போன அந்த மாதமே அப்பா இந்தப் படத்தை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்த படத்தில் அவள் இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை. பெரியவரும்தான். ஆனால் உடன்பிறந்தவளை யாரோ வழிப்போக்கர் மாதிரி ‘அவங்க’ என்று தம்பி சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

“இதுக்கா இவ்ளோ ரகளை? கொஞ்சம் சுவரை இழுத்து மூடிடும்மா, கதை முடிஞ்சுது” என்றார் தம்பி.

“மூடு” என்றார் பெரியவரும், பல்லைக் கடித்துக்கொண்டு.

மருமகள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள். சுவரின் பழுப்பை எடுத்துத் தடவத் தடவப் பின்னல் போயிற்று, கழுத்து போயிற்று, தலையும் போயிற்று. அப்பா ஸ்டுடியோவில் செய்ய வைத்த வேலை பெரியவரின் கண் முன்னால் இன்னொரு தடவை நடந்து முடிந்தது.

“மாமா, இதையும் எடுத்துடட்டுமா?”

படத்தைப் பெரிதாக்கியிருந்தாள். அரைக்கால் சட்டைப் பையனின் தோளில் நாலு விரல்கள். பையனின் சட்டை கெட்டுவிடும் என்று ஸ்டுடியோக்காரன் விட்டுவைத்தவை. சுவரில் மாட்டியிருந்தபோது பார்ப்பவர்களுக்கு அவை துணி மடிப்பு. பெரியவருக்கு மட்டும் என்றைக்கும் விரல்கள்தான். கேமராவைக் கண்டு நெளிந்தவனை அன்று அழுத்திப் பிடித்த விரல்கள். ‘அசையாதேடா குரங்கு. மூக்குல ஈ உக்காந்தாலும் அசையாதே.’

“தொடாதே!”

மருமகளின் கை மௌஸிலிருந்து துள்ளி விலகியது.

“அழிச்சதையெல்லாம் பழையபடி கொண்டா.”

“அண்ணே, நாளைக்கு சம்பந்தி கேட்டா என்ன சொல்றது? மானம் போயிடும்.”

“எதுடா மானம்? அவ செஞ்சது தப்புதான். எதிர்ல வந்து நின்னா இன்னைக்கும் மூஞ்சிக்கு நேரா கேப்பேன். பெத்த பொண்ணைப் பெயின்ட் அடிச்சு மறைக்கிறது பயந்தாங்கொள்ளி வேலை. நம்ம அப்பா அதைத்தான் செஞ்சார். நான் செய்ய மாட்டேன்.”

அப்பாவைப் பற்றி அப்படியொரு வார்த்தை அந்த வீட்டில் அதுவரை ஒலித்ததில்லை.

மருமகள் தயங்கினாள். “அப்போ வெள்ளைப் பனியன் வாங்கிட்டு வரவா மாமா? அதுல அவ்வளவா தெரியாது.”

“நீலமே இருக்கட்டும். நல்லாத் தெரியட்டும்.”

தேய்க்கும்போது துணியில் நேராக விழுவதற்காக அவள் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சுக்குக் கொடுத்தாள். பெரியவர் மேசையில் கிடந்த முதல் பனியனை உதறி, சூடு ஆறுமுன்னே தலைவழியாக மாட்டிக்கொண்டார். அடுத்தது தயாரானதும் தம்பியின் மேல் வீசினார்.

“போடு. கேக்கிறவங்ககிட்ட எங்க அக்கான்னு சொல்லு. வாய் வரலேன்னா என்னைக் கை காட்டு.”

தம்பி அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று போட்டுக்கொண்டார். திரும்பியபோது அவர் மார்பில் படமே இல்லை. தோளிலும் கையிலும் தையல் நூல்தான் தெரிந்தது.

“உள்பக்கத்தை வெளியில போட்டு யாரை ஏமாத்தறே?” பெரியவரின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். “கழட்டுடா! நேரா போடு!”